பிரிசில்லாவின் ஹீலியம்

எங்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் வெளிநாடு போகிறவன் துபாய்க்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போவான். நான் சுவிட்சர்லாந்துக்குப் போனேன், பெண்டாட்டியைக் கூட்டிவர.

தொழிற்சாலையில் லீவு சொன்ன அன்று, லேத்தில் நின்றுகொண்டிருந்த முனுசாமி மிஷினை நிறுத்திவிட்டு வந்தான்.

"இன்னா தேவராஜு, வூட்டம்மாவ இட்டுகினு வரப் போறியாமே? அப்படி இன்னாதான் பண்ணிகினு கீறாங்க அங்க?"

"குவார்க்குன்னு ஒண்ணு. அத்தப் பாத்துகினு கீறாங்க."

"பாத்தாச்சா?"

"கண்ணுக்குத் தெரியாதாம்."

முனுசாமி கழிவுத் துணியில் கையைத் துடைத்தபடி யோசித்தான். "தெரியாதத்த எத்தினி மாசம்பா பாப்பாங்க?"

அந்தக் கேள்வியோடுதான் விமானம் ஏறினேன். எனக்கும் பதில் தெரியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் டிப்ளமோ படித்தவன், டூல் ரூம் சூப்பர்வைசர். பிரிசில்லா வாலாஜாபாத்துக்காரி. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிகம் கற்பித்துக்கொண்டே, தினமும் போகவர பஸ்ஸில் உட்கார்ந்து படித்து டாக்டர் பட்டம் வாங்கினாள். கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள், "நான் படிப்பை விட மாட்டேன்" என்று. "நானா விடச் சொன்னேன்?" என்றேன். ஐரோப்பாவில் பல நாட்டு ஆட்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சோதனையில் ஒரு வருஷம் வேலை செய்ய அவளைத் தேர்ந்தெடுத்தபோது, எங்கள் தெருவுக்கே லட்டு வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

அப்போது எங்கள் மகள் ஷீபாவுக்கு நாலு வயது. பிரிசில்லாவின் அக்கா கிரேஸ் வாலாஜாபாத்தில் இருந்தாள். அக்காவுக்கும் மாமாவுக்கும் குழந்தை இல்லை. "ஒரு வருஷம்தானே, எங்ககிட்ட விட்டுட்டுப் போ" என்றாள் கிரேஸ். நான் மூன்று ஷிஃப்ட் மாறுகிறவன், வேறு வழியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி, ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு வருஷம் முடிந்தது. பிரிசில்லா வரவில்லை. அங்கே ஏதோ யந்திரம் பழுதாம், அவள் காத்துக்கொண்டிருந்த ஹீலியத்தின் முறை தள்ளிப்போய்விட்டதாம், இன்னும் ஆறு மாதம் என்று போனில் சொன்னாள். அந்தக் காலத்துப் போனில் பாதி வார்த்தை கடலில் விழுந்துவிடும். "ஹீலியம்" என்ற வார்த்தை மட்டும் தெளிவாகக் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாலாஜாபாத் வீட்டு வாசலில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த ஷீபா தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். நான் கையை நீட்டிக்கொண்டு எழுந்தேன். குழந்தை என்னைத் தாண்டி ஓடியது. "அம்மா!" என்று கத்திக்கொண்டே போய் கிரேஸின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கிரேஸ் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குனிந்து குழந்தையின் காலைத் துடைக்க ஆரம்பித்தாள்.

திரும்பி வரும்போது பஸ் ஒரகடத்தைத் தாண்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு அலைய ஆரம்பித்தேன்.

அங்கே இறங்கியதும் முதல் சங்கடம் எலுமிச்சங்காய் ஊறுகாயால் வந்தது. கிரேஸ் கட்டிக் கொடுத்த ஜாடி பெட்டிக்குள் கசிந்து, என் இரண்டு வெள்ளைச் சட்டையும் செம்மண் நிறமாகியிருந்தன. சுங்க அதிகாரி ஜாடியைத் திறந்து மோந்து பார்த்தார், தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், பக்கத்தில் நின்ற பெண் அதிகாரியைக் கூப்பிட்டார். அந்த அம்மாளும் மோந்து பார்த்தாள். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பையன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான்: "இதைச் சாப்பிடுவதா, காயத்துக்குத் தடவுவதா என்று கேட்கிறார்கள்." சாப்பிடுவது என்றேன். மரியாதையோடு மூடிக் கொடுத்தார்கள்.

வெளியே பிரிசில்லா நின்றாள். முழங்கால் வரை தொங்கும் சாம்பல் நிறக் கோட்டு, கால்சட்டை, கழுத்தில் கம்பளித் துணி. இடுப்பு வரை இருந்த முடி தோளோடு நின்றிருந்தது.

"முடிய வெட்டிட்டேன். குளிச்சா காய மாட்டேங்குதுங்க இங்க" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

"நல்லாத்தான் கீது" என்றேன். நல்லாத்தான் இருந்தது. ஆனால் யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல் சொன்னேன்.

அவள் தங்கியிருந்தது ஒரே ஒரு அறை. மின் அடுப்பில் சோறு வடித்து, ரசம் வைத்தாள். நான் கொண்டுபோன வடகத்தைப் பொரித்ததும் தாழ்வாரத்தில் எங்கோ ஓர் எச்சரிக்கை மணி அலறியது. பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். அவள் நாலு மொழியில் மன்னிப்புக் கேட்டாள். அதில் மூன்று மொழி, ஊரிலிருந்து போகும்போது அவளுக்குத் தெரியாது.

சாப்பிடும்போது, "ஷீபா எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா கீறா. ரெண்டு பல்லு ஆடுது."

அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேனா என்று இருந்தது. இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் அவள் வேலை செய்யும் இடத்துக்கு அழைத்துப் போனாள். ஆய்வுக்கூடம் என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே போனால் எங்கள் தொழிற்சாலையின் பெரியண்ணன் மாதிரி இருந்தது. மேலே கிரேன், கீழே எண்ணெய் வாசனை, மஞ்சள் கோடு போட்ட தரை, ஹெல்மெட் போட்ட ஆட்கள். ஒரே வித்தியாசம், இங்கே யாரும் யாரையும் கத்திக் கூப்பிடவில்லை.

கான்டீனில் உட்கார்ந்து ஆளுக்கொரு கோப்பை காப்பி குடித்தோம். காப்பியா அது, கருகிய வாசனை. முனுசாமியின் கேள்வியை அங்கேதான் அவளிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"புரோட்டானுக்குள்ள மூணு குவார்க் இருக்குன்னு சொல்லியிருக்கேன் இல்ல?"

"சொன்னே."

"தனியா இருக்கிற புரோட்டானுக்குள்ள அது எப்படி ஓடுது, மொத்த ஓட்டத்துல ஒவ்வொண்ணும் எவ்வளவு பங்கு சுமக்குதுங்கிறது அளந்தாச்சு. இப்ப அதே புரோட்டான் ஒரு அணுக்கருவுக்குள்ள, மத்த புரோட்டான் நியூட்ரானோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அது உள்ளே இருக்கிற குவார்க்குக்குத் தெரியுமா?"

"எனக்கு இன்னா தெரியும்? நீ சொல்லு."

"தெரியாதுன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. குவார்க்கை உள்ளே பிடிச்சு வெச்சிருக்கிற பலம் ராட்சச பலம். புரோட்டானையும் நியூட்ரானையும் ஒட்டி வெச்சிருக்கிறது அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. அதனால வெளிய யார் இருந்தாலும் உள்ளே ஒரே மாதிரிதான் இருக்கும்னு நெனச்சாங்க. ஆனா இரும்புல அளந்து பார்த்தா மாறியிருக்கு. அங்க குவார்க் சுமக்கிற பங்கு கொஞ்சம் குறைஞ்சு போயிருக்கு. ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியல."

"சரி. அதான் இரும்புல பாத்தாச்சே. ஹீலியம் எதுக்கு?"

"இரும்பு அணுக்கருவுல அம்பத்தாறு பேர். பெரிய கூட்டம். ஹீலியத்துல நாலே பேர். ரெண்டு புரோட்டான், ரெண்டு நியூட்ரான். ஆனா ரொம்ப நெருக்கமா இருப்பாங்க. நாலு பேர் சேர்ந்தாலே இந்த மாற்றம் ஆரம்பிச்சுடுதா, இல்ல பெரிய கூட்டம் இருந்தாத்தானா? அது தெரிஞ்சா காரணத்துக்குப் பக்கத்துல போயிடலாம்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். ஷீபா பிறந்தபோது ஒரு முறை.

அளக்கிற விதத்தையும் காட்டினாள். மியூவான் என்கிற சின்னத் துகள்களை ஒரு கற்றையாக அடிக்கிறார்கள். குளிர்ந்து திரவமான ஹீலியம் நிரம்பிய நீளமான பாத்திரத்துக்குள் அவை புகுந்து போகின்றன. பெரும்பாலானவை எதிலும் படாமல் மறுபக்கம் போய்விடும். எப்போதாவது ஒன்று ஒரு குவார்க்கின் மேல் மோதித் திரும்பும். எவ்வளவு திரும்பியது, எவ்வளவு வேகம் இழந்தது என்று பிடித்துவிட்டால் உள்ளே இருந்த குவார்க்கைப் பற்றிக் கணக்குப் போடலாம். பக்கத்தில் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் நிரம்பிய இன்னொரு பாத்திரம். அதன் அணுக்கருவில் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டும், அதுவும் தளர்வாக ஒட்டிக்கொண்டு. இரண்டு பாத்திரத்தையும் மாற்றி மாற்றிக் கற்றையின் முன்னால் வைக்கிறார்கள்.

"ஏன் மாத்தி மாத்தி?" என்று கேட்டேன்.

"கருவியில ஏதாவது தப்பு இருந்தா, ரெண்டுக்கும் ஒரே மாதிரி தப்பு வரட்டும்னு. வகுத்துப் பார்க்கும்போது அடிபட்டுப் போயிடும்."

இது எனக்குப் புரிந்தது. டூல் ரூமில் நாங்களும் அளவு சரியான மாஸ்டர் பீஸையும், புதிதாகக் கடைந்த ஜாபையும் ஒரே கேஜில் மாற்றி மாற்றி வைத்துத்தான் பார்ப்போம். சொன்னேன். "அதேதாங்க!" என்று மேசையைத் தட்டினாள். கான்டீனில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த நாளே ஹீலியம் நிரம்பிவிட்டது. குளிரூட்டும் யந்திரத்தை ஒருவழியாகச் சரி செய்துவிட்டார்களாம். பிரிசில்லாவோடு ஷிஃப்ட் பார்க்கும் ஆன்னா என்ற போலந்துப் பெண் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். ஒன்றரை வருஷமாக இவர்கள் காத்திருந்தது இதற்குத்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இனி எப்படி "கிளம்பு" என்று சொல்வது?

அவள் ஷிஃப்டுக்குப் போனபின் நான் தனியாகத் திரிந்தேன். ஏரிக்கரையில் நடந்தேன். ஏரி என்றால் எனக்கு மதகு இருக்க வேண்டும், மிஞ்சின தண்ணீர் வழியக் கலங்கல் இருக்க வேண்டும், கோடையில் வற்றி உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆட வேண்டும். இந்த ஏரி ஒரு வேலையும் செய்யாமல் வருஷம் முழுக்க அழகாகவே இருந்தது. பெஞ்சில் ஒரு கிழத் தம்பதி ஒரு வாழைப்பழத்தைப் பாதியாக வெட்டிச் சாப்பிட்டார்கள். தோலை மடித்துக் காகிதப் பையில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஷீபா முன்னால் வைக்க வேண்டும் போல் இருந்தது.

கான்டீனில்தான் சிவராசாவைச் சந்தித்தேன். தட்டுகளைச் சேகரிக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என் முகத்தைப் பார்த்து நின்றார்.

"நீங்கள் தமிழோ?"

அந்த ஒரு வார்த்தைக்கு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். இங்கே தட்டுக் கழுவுகிறார். வேலை முடிந்ததும் தன் அறைக்குக் கூட்டிப்போய் சோறும் சொதியும் போட்டார். தேங்காய்ப்பாலில் வைத்த அந்தச் சொதி, அந்த ஊரில் நான் சாப்பிட்டதிலேயே நல்ல சாப்பாடு. சுவரில் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் படம்.

"மனுசியும் பிள்ளையளும் அங்கதான். கடைசிப் பிள்ளை பிறந்து நாப்பது நாளில நான் வெளிக்கிட்டனான். இப்ப நடந்து திரியுதாம்."

"எப்ப ஊருக்குப் போவீங்க?"

"எப்பிடிப் போறது?" என்றார். அவ்வளவுதான். என் தட்டில் இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினார். பிறகு, "நீங்கள் அவவைக் கூட்டிக்கொண்டு போக வந்தனீங்களோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"வருவா. உங்களுக்குப் போறதுக்கு ஒரு ஊர் இருக்குத்தானே. ஒரு மாசம் பிந்தினாலும் அந்த ஊர் அங்கயே இருக்கும்."

அவர் எனக்குப் புத்தி சொல்லவில்லை. தன் கையில் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசினார்.

அந்த யோசனையிலேயே பஸ் ஏறினதுதான் தப்பு. எண்ணைப் பார்க்காமல் ஏறிவிட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் தப்பான பஸ்ஸில் ஏறினால் தண்டலத்தில் இறங்கித் திரும்பி வரலாம். இங்கே தப்பான பஸ்ஸில் ஏறினால் வேறு தேசம் வந்துவிடுகிறது. பஸ் ஒரு தடுப்புக் கட்டையின் முன்னால் நின்றது. பிரெஞ்சு எல்லைக் காவலர் ஏறி வந்து கையை நீட்டினார். என் பாஸ்போர்ட் அறையில், ஊறுகாய்ச் சட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.

இறக்கி ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். யாரும் கடிந்து பேசவில்லை. ஒருவர் சாக்லேட்கூடக் கொடுத்தார். அவர்கள் பேசியதில் "இந்தியா" மட்டும் புரிந்தது. அவர்களில் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர், "உங்களைப் பற்றி இல்லை, யானையைப் பற்றிப் பேசுகிறோம்" என்று சமாதானம் சொன்னார். பிரிசில்லா எழுதிக் கொடுத்திருந்த டெலிபோன் எண்ணை நீட்டினேன்.

அவள் வந்தாள். என் பாஸ்போர்ட்டைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தையைக் கூட்டிவருவதுபோல் என்னை வெளியே கூட்டிவந்தாள். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். தூறல் போட்டது.

"ஹீலியம் ஓட ஆரம்பிச்ச முதல் வாரம்ங்க. பாதி ஷிஃப்ட ஆன்னா தலையில கட்டிட்டு வந்திருக்கேன்."

"ஷிஃப்டா?" என்றேன். அடக்கி வைத்திருந்தது எல்லாம் கிளம்பிவிட்டது. "உன் ஹீலியம் மட்டும் ஓடினா போதுமா? அங்க உன் பொண்ணு கிரேஸ அம்மான்னு கூப்புடுது. தெரியுமா உனுக்கு? விழுந்து ரத்தம் வருது, என்னைத் தாண்டிகினு அம்மான்னு அவகிட்ட ஓடுது!"

நான் எதிர்பார்த்தது அழுகை. அவள் தலையைக் குனிந்துகொண்டு ஈரமான கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"நான்தான் அக்காகிட்ட சொன்னேன். அவ கூப்பிட்டா தடுக்காதேன்னு."

ஒரு பஸ் வந்து நின்று, நாங்கள் ஏறாததால் கதவை மூடிக்கொண்டு போனது.

"அக்கா போன்ல அழுதா. 'குழந்தை என்னை அம்மாங்குது பிரிசி, நான் சொல்லிக் குடுக்கல, சத்தியமா நான் சொல்லிக் குடுக்கல'ன்னு. எனக்கு அக்காமேல கோவமே வரல. விழுந்து அடிபட்டா ஒரு குழந்தை யாரையாவது அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு ஓடணுமா இல்லையா? நான் வர்ற வரைக்கும் அந்த வார்த்தையப் பூட்டி வெச்சுக்கன்னு அவகிட்டச் சொல்ல முடியுமா? அன்னிக்கு நான் வேலைக்குப் போகல. ஆன்னாதான் வந்து பக்கத்துல உட்கார்ந்திருந்தா. என்ன விஷயம்னுகூடக் கேக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க உடனே கிளம்பி வந்துடுவீங்கன்னுதான்."

"அப்படியும் வந்துட்டேனே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்து முடிக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அதிலும் ஊறுகாய் வாசனை.

கொஞ்சம் தேறியபின் சொன்னாள், "நீங்க வான்னா வந்துடறேன். கோவத்துல சொல்லலைங்க. யோசிச்சுத்தான் சொல்றேன். ஹீலியத்தை வேற யாராவது பார்த்துப்பாங்க. கட்டுரையில எப்படியும் என் பேரு இருக்கும். என்ன, நான் பார்க்காம இருந்திருப்பேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்று அவள் சொன்ன விதம்தான் என்னைப் படுத்தியது. "பார்த்துச் சொல்றேன்" என்றேன், மேலதிகாரி மாதிரி.

அடுத்த நாள் அவள் ஷிஃப்டுக்குப் போகும்போது நானும் போனேன். கட்டுப்பாட்டு அறையில் மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சுவர் நிறையத் திரைகள், பச்சை எழுத்துகள். ஒரு நீளக் காகிதத்தில் பேனா முனை ஒன்று தானாகக் கோடு போட்டுக்கொண்டே போனது. அது ஹீலியம் பாத்திரத்தின் அழுத்தம் என்றாள் ஆன்னா. மத்தியானத்துக்கு மேல் அந்தக் கோடு மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது. தாடி வைத்த ஓர் இளைஞன் படபடவென்று பேசினான். கற்றையை உடனே நிறுத்த வேண்டும், பாத்திரத்தைக் காலி செய்ய வேண்டும் என்கிறான் என்று ஆன்னா எனக்குச் சொன்னாள். காலி செய்தால் மறுபடி நிரப்பிக் குளிர வைக்கப் பல நாளாகும். அறையில் இருந்த எல்லாரும், அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான பிரிசில்லாவைப் பார்த்தார்கள்.

அவள் அவசரப்படவில்லை. காகிதத்தைப் பின்னால் இழுத்து, காலையிலிருந்து ஏறி இறங்கிய கோட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். முன்பும் ஒரு முறை அது இப்படி ஏறித் தானாகவே இறங்கியிருந்தது. போனில் குளிரூட்டிப் பிரிவைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு கற்றையை மட்டும் நிறுத்தச் சொன்னாள், பாத்திரத்தைத் தொட வேண்டாம் என்றாள். காத்திருந்தார்கள். தாடிக்காரன் நகத்தைக் கடித்தான். கோடு ஏறி, ஏறி, ஓரிடத்தில் தயங்கி, இறங்கத் தொடங்கியது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். கற்றை மறுபடி ஓடியது.

எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் "நீங்க இறக்குங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று கூடத்துக்கு ஓடி வருகிறவள் இவள். ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பிரிசில்லாவை எங்கள் ஊரில் யாருமே பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

சாயந்திரம் அறைக்கு நடந்து வரும்போது சொன்னேன்.

"முடிச்சிட்டு வா."

அவள் நின்றுவிட்டாள். "ஷீபா?"

"நான் வாலாஜாபாத்துக்கே குடி போயிடறேன். அங்கேந்து ஷிஃப்டுக்குப் போறேன். பஸ்ஸு கீது. ராத்திரி ஷிஃப்ட மட்டும் மாத்திக் கேக்கறேன்."

"மாமியார் வீட்டு ஊர்லயா? உங்க ஃபேக்டரில கிண்டல் பண்ண மாட்டாங்களா?"

"முனுசாமி பண்ணுவான். பண்ணிகினு போறான்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நடு ரோட்டில். எங்கள் ஊராக இருந்தால் கையை உதறியிருப்பேன். அங்கே உதறவில்லை.

கிளம்புகிற அன்று சிவராசா விமான நிலையத்துக்கு வந்து, ஷீபாவுக்கென்று ஒரு மரப் பொம்மை கொடுத்தார். தன் பிள்ளைகளுக்கு அனுப்ப வழி இல்லாமல் வாங்கி வைத்திருந்தவற்றில் ஒன்று. வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

சொன்னபடியே வாலாஜாபாத்துக்குக் குடி போனேன். கிரேஸ் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு சின்ன வீடு. காலை ஷிஃப்டுக்கு இருட்டோடு பஸ் பிடிக்க வேண்டும். ஒரகடத்தில் அப்போது ஒரு டீக்கடையும் புளிய மரமும்தான். இன்று அந்தச் சாலையில் போனால் இரண்டு பக்கமும் கார் கம்பெனிகளும் கன்டெய்னர் லாரிகளும். எனக்கோ அந்த இடத்தில் ஜன்னல் ஓரம் தூங்கி வழிந்த காலைகள்தான் ஞாபகம் வருகின்றன. ஷீபாவுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். கோணலாகத்தான் வரும். கிரேஸ் பார்த்துச் சிரிப்பாள், ஆனால் அவிழ்த்துப் பின்ன மாட்டாள்.

ஹீலியத்திலும் அந்த மாற்றம் இருந்தது. பிரிசில்லா போனில் சொன்னாள். இரும்பில் இருக்கிற அளவுக்கு இல்லை, ரொம்பக் கொஞ்சம், ஆனால் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்தாலே உள்ளே இருக்கிற குவார்க்குக்குத் தெரிந்துவிடுகிறது. காரணம் இன்னும் தெரியவில்லை, அதைப் பற்றிப் பத்துப் பேர் பத்து விதமாகச் சண்டை போடுகிறார்கள் என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். முனுசாமியிடம் சொன்னேன். "பாத்துட்டாங்களா! பலே!" என்று அன்று டீக்கு அவனே காசு கொடுத்தான்.

மழைக்காலம் முடிந்ததும் அவள் வந்தாள். நான், கிரேஸ், ஷீபா மூன்று பேரும் மீனம்பாக்கம் போயிருந்தோம். ஷீபா அவளைப் பார்த்ததும் கிரேஸின் பின்னால் ஒளிந்துகொண்டாள். பிரிசில்லா அவளை இழுக்கவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. தரையில் குந்தி உட்கார்ந்து, "உனக்கு எந்தப் பல்லு விழுந்துச்சு? காட்டு" என்றாள். ஷீபா யோசித்து, வாயைத் திறந்து காட்டினாள்.

வாடகைக் காரில் திரும்பினோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, ஒரகடம் வருவதற்குள் ரேடியேட்டர் கொதித்துப் புகை விட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு இது நவராது சார்" என்றான். பெட்டிகளை இறக்கி வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றோம். அன்று கிருத்திகை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் எல்லாம் வாலாஜாபாத் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தது. எப்படியோ ஏறினோம். இரண்டு பெட்டிகளோடு நான் கண்டக்டர் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். கிரேஸும் பிரிசில்லாவும் நடுவில் நெருக்கியடித்து நின்றார்கள்.

சீட்டில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், நெற்றி நிறைய விபூதி, மடியில் தேங்காய்ப் பை, எதுவும் கேட்காமல் ஷீபாவைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தையும் சட்டென்று ஒட்டிக்கொண்டது. கையில் இருந்த வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

"இன்னா சமத்தா குந்திகினு கீது பாரு! உங்க ரெண்டு பேர்ல யாரும்மா கொயந்தைக்கு அம்மா?"

நான் கண்டக்டரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். கிரேஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிரிசில்லா அக்காவின் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு பேரும்தாம்மா" என்றாள்.

அந்த அம்மாள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு அதில் அதிசயம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. தேங்காய்ப் பையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, ஜன்னல் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்க? ரெண்டு பேரும் குந்துங்க."

ஒருத்திக்கே போதாத அந்த இடத்தில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள்.